28 நாளில் காலாவதியாகும் வரைபடம்

நில அளவைத் துறையில் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எங்கள் தொழிலில் வரைபடம் பழசாகப் பழசாகத்தான் மதிப்பு. பாலக்கோடு பக்கம் ஒரு வரப்புத் தகராறு வந்தால், யு.டி.ஆர். என்ற நிலப்பதிவேடு புதுப்பிப்புக் காலத்தில் திருத்திய புலப்படம் எங்கே, அதற்கும் முந்தைய படம் எங்கே என்றுதான் முதலில் தேடுவோம். தாள் மக்கிப் போயிருக்கும், மடிப்பில் கிழிந்திருக்கும், ஆனால் கோர்ட்டில் நிற்பது அதுதான். நேற்று வரைந்த படத்தை யாரும் நம்ப மாட்டார்கள்.

என் அக்கா மகன் பெங்களூரில் இருந்து விமானம் ஓட்டுகிறான். ஃபர்ஸ்ட் ஆபீசர், அதாவது துணை விமானி. "எங்க மேப்புக்கு 28 நாள்தான் மாமா ஆயுசு. 29ஆம் நாள் அதை வெச்சிருந்தா தப்பு" என்று அவன் சொன்னதும் எனக்குத் தலை சுற்றியது. அப்புறம் அவன் விடுப்பில் வரும்போதெல்லாம் அதைப் பற்றியே பேசிப் பேசி, இப்போது ஓரளவு பிடிபட்டிருக்கிறது.

அந்த 28 நாளுக்கு ஏய்ராக் சுழற்சி என்று பெயர். உலகம் முழுவதும் ஒரே கணக்கு. ஒரு விமான நிலையத்தில் புதிதாக டாக்சிவே (விமானம் ஓடுபாதைக்குப் போய் வரும் தடம்) போடுகிறார்கள், ஒரு ரேடியோ அலைவரிசை மாறுகிறது, ஒரு பாதையின் குறைந்தபட்ச உயரம் மாறுகிறது என்றால், முன்கூட்டியே தெரிந்த மாற்றங்கள் எல்லாம் குறிப்பிட்ட ஒரு வியாழக்கிழமையில்தான் நடைமுறைக்கு வரும். அதுவும் உலக நேரப்படி நள்ளிரவில். நமக்கு அது காலை ஐந்தரை மணி. வருஷத்துக்குப் பதின்மூன்று முறை, டோக்கியோவில் இருப்பவனும் துபாயில் இருப்பவனும் சென்னையில் இருப்பவனும் ஒரே நொடியில் பழைய படத்தை விட்டுப் புதிய படத்துக்கு மாறுகிறார்கள். விவரம் குறைந்தது 28 நாள் முன்பே கைக்குக் கிடைத்துவிட வேண்டும் என்பதும் விதி. நடுவில் திடீரென்று ஏதாவது மாறினால், அதற்கு நோட்டாம் என்று தனி அறிவிப்பு. ஓர் உட்பிரிவு மாற்றம் கிராமக் கணக்கில் ஏற எத்தனை மாதம் ஆகும் என்று தெரிந்தவனுக்கு இதைக் கேட்டால் பொறாமைதான் வரும்.

ஆனால் எனக்கு அதிகம் பிடித்தது இந்தச் சுழற்சி அல்ல. ஒரு சின்ன அறைக்குள், இரண்டு பேர், இரண்டு கைகளும் வேலையில் இருக்கும்போது, அத்தனை தாள்களையும் எப்படிச் சமாளிக்கிறார்கள் என்பது. வயலில் காற்று அடிக்கும்போது புலப்படத்தைப் பிரித்துப் பிடிக்கவே எனக்கு ஒரு தலையாரி வேண்டும்.

அவன் அமெரிக்காவில் செஸ்னா 172 என்ற சிறு விமானத்தில் பயிற்சி எடுத்தவன். அங்கே ஆரம்பத்தில் டேப்லெட் கிடையாது, காகிதம்தான் என்று ஆசிரியர் கறாராக இருந்தாராம். ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு அளவில் அச்சிட்ட பெரிய தாள். அதை அப்படியே விரித்தால் விமானத்துக்குள் வேறு எதுவும் தெரியாது. அதனால் கிளம்பும் முன்பே மேசையில் வைத்து, போகிற பாதை மடிப்பின் நடுவில் வருமாறு மடித்து, தொடையில் பெல்ட் போட்டுக் கட்டுகிற சிறு பலகையில் கிளிப் செய்துகொள்வார்கள். பாதையைப் பென்சிலால் கோடு போட்டு, பத்துக் கடல் மைலுக்கு ஒரு குறுக்குக் கோடு. பறக்கும்போது மடிப்பை ஒரே ஒரு முறை புரட்டினால் அடுத்த பகுதி வர வேண்டும். இரண்டு முறை புரட்டும்படி மடித்தால் ஆசிரியர் தாளைப் பிடுங்கிப் பின் சீட்டில் போட்டுவிடுவாராம். நல்ல ஆசிரியர்.

பேச்சோடு நிற்காமல் செய்தே பார்க்கலாம் என்று ஒரு நாள் மொட்டை மாடியில் உட்கார்ந்தோம். சேலம் விமான நிலையம், அதாவது ஓமலூர் பக்கம் காமலாபுரம். அங்கிருந்து ஓசூரை அடுத்த பெலகொண்டப்பள்ளியில் உள்ள தனியார் ஓடுதளம் வரை ஒரு கற்பனைப் பயணம். என்னிடம் சர்வே ஆஃப் இந்தியாவின் பழைய இரண்டரை லட்ச அளவுத் தாள்கள் இருந்தன. வான்வழிக் கட்டுப்பாட்டு எல்லைகள் எதுவும் இவற்றில் இருக்காது, இதை வைத்துப் பறக்க முடியாது, பாதை போட்டுப் பழக மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிட்டான். சரி என்றேன்.

அளவுகோலை வைத்தால் நேர்கோட்டில் ஏறத்தாழ 102 கிலோமீட்டர், அதாவது 55 கடல் மைல். சிறு விமானத்துக்கு அரை மணி நேரத்துக்குச் சற்று மேல். தாளில் 41 சென்டிமீட்டர். கோடு போட்ட பிறகுதான் வேடிக்கை. தொப்பூருக்கு வடக்கே 12 டிகிரி அட்சரேகை போகிறது. அதற்குப் பக்கத்திலேயே 78 டிகிரி தீர்க்கரேகை. எங்கள் கோடு கிட்டத்தட்ட அந்த இரண்டும் வெட்டிக்கொள்ளும் புள்ளியில் போய் விழுந்தது. அதாவது 58 ஐ, 58 இ, 57 எல், 57 எச் என்று நான்கு தாள்கள் சந்திக்கிற மூலை. எங்கே கவனம் தேவையோ, மலையும் கணவாயும் இருக்கிற அந்த இடத்தில்தான் தாள் முடிகிறது. "எப்பவும் இப்படித்தான் மாமா. சிக்கலான இடம்னா அது மடிப்புல இருக்கும், இல்லன்னா ஓரத்துல இருக்கும்" என்றான். அதற்குத் தீர்வு, நான்கையும் வெட்டி ஒட்டிப் பாதைக்கு இரு பக்கமும் பத்துப் பதினைந்து மைல் மட்டும் வைத்துக்கொண்டு நீளப் பட்டையாக்குவது. நான் அந்தத் தாள்களை வெட்ட விடவில்லை. நகல் எடுத்துக்கொண்டு வந்து ஒட்டினோம்.

கோடு பென்னாகரத்தைச் சற்று இடப்பக்கம் விட்டு, காட்டுக்கு மேலே ஏறி, தேன்கனிக்கோட்டையை ஒட்டிப் போகிறது. பென்னாகரத்தைத் தாண்டினால் தேன்கனிக்கோட்டை வரை சொல்லிக்கொள்ளும்படி ஊர் இல்லை. எதைப் பார்த்துப் போவது? அவன் விரல் கோட்டில் இல்லாமல் வலப்பக்கம் பதினைந்து, இருபது கிலோமீட்டர் தள்ளிப் போயிற்று. ஓமலூரில் தொடங்கி தருமபுரி, பாலக்கோடு, மாரண்டஹள்ளி, ராயக்கோட்டை வழியாக ஓசூருக்குப் போகிற ரயில் பாதை. வழி தவறினால் வலப்பக்கம் திரும்பு, தண்டவாளத்தில் போய் முட்டுவாய், அதைப் பிடித்துக்கொண்டே ஓசூர் போய்விடலாம். பாதையைவிட, பாதை தப்பினால் எது தடுத்து நிறுத்தும் என்பதைத்தான் முதலில் தேட வேண்டுமாம். சாலையை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டேன். தேசிய நெடுஞ்சாலை தருமபுரியிலிருந்து காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி என்று கிழக்கே வளைந்து போய்விடுகிறது, ரொம்பத் தூரம் என்றான். ஏரிகளை அவன் சட்டை செய்யவே இல்லை. தாளில் நீலமாக இருக்கும் ஏரி நம் ஊரில் சித்திரை மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே வளர்ந்தவனுக்குத் தெரியாதா? கிருஷ்ணகிரி அணை மாதிரி பெரியதென்றால் சரி.

இந்தப் பயிற்சியில் நான் கற்றுக்கொண்ட உருப்படியான விஷயம், பார்க்கிற வரிசை. முதலில் கடிகாரம், பிறகு தாள், பிறகுதான் தரை. கிளம்பிப் பன்னிரண்டு நிமிஷம் ஆகிறது, ஆகவே தாளில் இந்த இடத்தில் இருக்க வேண்டும், ஆகவே இடப்பக்கம் பென்னாகரம் தெரிய வேண்டும், இப்போது எட்டிப் பார். அங்கே ஊர் இருந்தால் சரி. புதிதாகக் கற்பவர்கள் தலைகீழாகச் செய்வார்களாம். கீழே ஓர் ஊரைப் பார்த்துவிட்டு, அது எது என்று தாளில் தேடுவது. தேடினால் எல்லா ஊரும் எல்லா ஊர் மாதிரியும் இருக்கும். ஆசைப்பட்ட ஊரையே மனசு கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். எல்லைக்கல்லைத் தேடும் பட்டாதாரர்களிடம் இதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வயலில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் அவர்களுக்குச் சாதகமான எல்லைக்கல்தான்.

இன்னொன்று உயரம். ஓமலூரிலிருந்து ரயிலில் ஓசூருக்குப் போகிறவர்கள் நிலையத்தின் மஞ்சள் பலகையைக் கவனித்தால், கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்கிற எண் ஏறிக்கொண்டே போவது தெரியும். சேலம் விமான நிலையம் ஏறத்தாழ 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் 3,000 அடி. விமானத்தின் உயரமானி கடல் மட்டத்திலிருந்து கணக்குச் சொல்கிறது. காமலாபுரத்தில் கிளம்பி 3,000 அடி என்று முள்ளைப் பார்த்து நிம்மதியாக இருந்தால், காலுக்குக் கீழே 2,000 அடி இடம் இருக்கும். அதே முள், அதே 3,000, ஓசூர் வரும்போது சக்கரம் தரையில் இருக்கும். நடுவில் இருக்கிற மேலகிரி மலை அதற்கும் மேல். அதனால்தான் அமெரிக்கத் தாள்களில் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் பெரிதாக ஓர் எண் போட்டிருப்பார்கள். அந்தக் கட்டத்தில் இருக்கும் மலை, கோபுரம் எதுவானாலும் எல்லாவற்றிலும் உயரமானதைக் கணக்கில் எடுத்து, மேல்நோக்கி முழுமைப்படுத்திய எண். ஏற்காட்டுச் சேர்வராயன் மலை 5,326 அடி என்றால், அந்தக் கட்டத்தில் அதைவிடப் பெரிய எண்தான் இருக்கும். மேகத்துக்குள் மாட்டிக்கொண்டால் கட்டத்தைப் பார், எண்ணுக்கு மேலே ஏறு. சமவுயரக் கோடுகளை எண்ணிக்கொண்டிருக்க அப்போது நேரம் இருக்காது.

பெரிய விமானத்தில் ஜன்னல் வழியாக ஊரைப் பார்த்துப் போவதில்லை. அங்கே கருவிகளும் ரேடியோவும்தான். தாள்களும் வேறு மாதிரி. இந்த வகைத் தாள்களுக்குப் பின்னால் எல்ரி ஜெப்சன் என்கிற ஒருவர் இருக்கிறார். 1930களில் அமெரிக்காவில் தபால் விமானம் ஓட்டியவர். அப்போது விமானிகளுக்கென்று ஒழுங்கான படம் கிடையாது. சாலைப் படத்தை வைத்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பார்த்துப் போவார்கள். நிறையப் பேர் செத்தார்கள். ஜெப்சன் பத்து சென்ட் கொடுத்து ஒரு கறுப்பு நோட்டு வாங்கினார். இறங்குகிற ஒவ்வொரு இடத்திலும் ஓடுபாதை எவ்வளவு நீளம், பக்கத்தில் என்ன மரம், எந்தக் கோபுரம் என்று எழுதி வைத்தார். உயரமானியை எடுத்துக்கொண்டு குன்றுகளில் ஏறி உயரம் குறித்தார். வழியில் இருக்கும் விவசாயிகளின் தொலைபேசி எண்களையும் வாங்கி வைத்தார், கூப்பிட்டு வானிலை கேட்க. மற்ற விமானிகள் கேட்கத் தொடங்கவே, 1934-இல் பத்து டாலருக்கு நகல் விற்க ஆரம்பித்தார். அப்படி உருவான நிறுவனத்தின் தாள்களைத்தான் இன்றும் உலகில் ஏராளமான விமானிகள் பயன்படுத்துகிறார்கள். இந்த மனிதரை எனக்கு மிகவும் பிடித்துவிட்டது. அந்த நோட்டு எங்கள் களப் புத்தகம்தான், வேறில்லை.

அந்தத் தாள்கள் முன்பெல்லாம் ஏழு வளையம் கொண்ட பைண்டர்களில் வரும். மெல்லிய தாள், ஏ4 தாளில் ஏறத்தாழப் பாதி. விமானிகள் இழுத்துக்கொண்டு போவார்களே, அந்தக் கறுப்புச் சதுரப் பெட்டி நிறைய இந்தப் பைண்டர்கள்தான். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஓர் உறை வரும். இந்தப் பக்கத்தை எடுத்து எறி, இந்தப் பக்கத்தைச் செருகு என்று பட்டியலோடு. அதை உட்கார்ந்து செய்வது பெரிய எரிச்சல். மருமகனோடு பறக்கும் மூத்த கேப்டன் ஒருவர், தன் வீட்டில் அது மனைவியும் பிள்ளைகளும் பார்த்துக்கொண்ட வேலை என்று சொன்னாராம். ஒரு தாளை மாற்றிச் செருகினால் என்ன ஆகும் என்று நினைத்தால் எனக்குத் தூக்கம் வராது.

ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண். 10-9 என்றால் விமான நிலையத்தின் தரைப் படம். 10-3 கிளம்பும் பாதை, 10-2 வந்து சேரும் பாதை, 11-1 ரேடியோ கற்றையைப் பிடித்து இறங்குகிற முறை. உலகின் எந்த ஊராக இருந்தாலும் இதே வரிசை. பயணத்துக்கு முன் பைண்டரிலிருந்து வேண்டியதை மட்டும் கழற்றி, பக்கவாட்டு ஜன்னலை ஒட்டிய கிளிப்பில் பயன்படும் வரிசைப்படி அடுக்குவார்கள். மேலே தரைப் படம். அது முடிந்ததும் எடுத்துவிட்டால் கிளம்பும் பாதை. இதில் ஒரு நுணுக்கம் உண்டு. கிளம்பும் பாதைக்கு நேர் கீழே, கிளம்பிய அதே ஊரில் திரும்ப இறங்குகிற தாளை வைப்பார்கள். போகிற ஊரின் தாளை அல்ல. ஏறிய உடனே ஓர் எஞ்சின் நின்றுவிட்டால் திரும்பித்தான் வர வேண்டும், அப்போது குனிந்து பெட்டியைத் துழாவக் கூடாது. நூற்றில் தொண்ணூற்றொன்பது முறை அந்தத் தாளைப் பார்க்காமலே உருவி உள்ளே வைத்துவிடுவார்கள். இந்த ஒரு விஷயத்துக்காகவே இந்தத் தொழில்காரர்கள் மேல் எனக்கு மரியாதை.

இறங்கும் தாளை அவன் ஐபேடில் காட்டினான். மேலே ஒரு பட்டை: ரேடியோ அலைவரிசை, கடைசியாகப் பிடிக்க வேண்டிய திசை, இறங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உயரம், ஓடுபாதையின் உயரம். அதன் கீழே, இறங்க முடியாவிட்டால் எங்கே திரும்பி எவ்வளவு ஏற வேண்டும் என்ற குறிப்பு. பிறகு மேலிருந்து பார்க்கிற படம், பக்கவாட்டில் பார்க்கிற படம், அடியில் எவ்வளவு தெரிந்தால் இறங்கலாம் என்கிற அட்டவணை. ஓரத்தில் ஒரு வட்டம். 25 கடல் மைல் ஆரத்துக்குள் எந்தப் பக்கம் எவ்வளவு உயரத்தில் இருந்தால் தடைகளுக்கு மேல் குறைந்தது 1,000 அடி இடைவெளி இருக்கும் என்று சொல்வது. கீழே இறங்கத் தொடங்கும் முன்பே ஒருவர் மேலிருந்து அடி வரை சத்தமாகப் படிப்பார், மற்றவர் கம்ப்யூட்டரில் ஏற்றியிருப்பது அதேதானா என்று பார்ப்பார். நாங்களும் அளந்ததைக் கத்திச் சொல்வோம், எழுதுபவர் திருப்பிச் சொல்வார், அதனால் அது புதிதாகத் தெரியவில்லை.

கிளம்பும் பாதைத் தாளில்தான் சண்டை வந்தது. ஓரத்தில் 'அளவுப்படி வரையப்படவில்லை' என்று போட்டிருந்தது. வரைபடம் என்று பெயர் வைத்துவிட்டு அளவு இல்லையா? ஆறு மைல் துண்டு, முப்பது மைல் துண்டைவிட நீளமாக இருந்தது. நான் குதித்தேன். அவன் சிரித்துக்கொண்டே, "ஸ்கேல் வெச்சு அளக்கவே வேணாம் மாமா. தூரம் எழுதியிருக்கு, திசை எழுதியிருக்கு, உயரம் எழுதியிருக்கு. அப்புறம் எதுக்கு அளக்கறீங்க?" என்றான். யோசித்துப் பார்த்தால் புலப்படத்திலும் அப்படித்தான். கோட்டின் மேல் எழுதியிருக்கும் மீட்டர்தான் செல்லும், கோட்டை அளந்து வருவது செல்லாது. சரி என்று விட்டுவிட்டேன்.

இப்போது பெட்டியும் இல்லை, பைண்டரும் இல்லை. ஜன்னலில் ஒட்டிய ஐபேட். அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2013-இல் முழுதாக மாறியபோது, ஒவ்வொரு விமானியிடமும் இருந்த 16 கிலோ பெட்டி போய், வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் எரிபொருள் மிச்சம் என்று கணக்குச் சொன்னார்கள். தாள் மாற்றும் வேலை இல்லை, ஒரு பொத்தான். நல்லதுதான். ஆனால் அதே நிறுவனத்தில் 2015 ஏப்ரலில் பல டஜன் விமானங்கள் கிளம்ப முடியாமல் நின்றன. வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தின் தாள் ஒன்று தரவில் இரண்டு முறை இடம்பெற்றுவிட்டது. செயலி குழம்பி நின்றுபோயிற்று. பைண்டரில் ஒரு தாள் இரண்டாக இருந்தால் ஒன்றைக் கசக்கிப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

இதைவிடக் கொடுமையானது 1995 டிசம்பரில் கொலம்பியாவில் நடந்தது. கலி நகரில் இறங்க வந்த போயிங் 757. தாளில் ரோசோ என்ற ரேடியோ நிலையத்துக்கு 'ஆர்' என்று அடையாளம் போட்டிருந்தது. விமானிகள் கம்ப்யூட்டரில் 'ஆர்' என்று கொடுத்தார்கள். கம்ப்யூட்டரிலோ அந்த எழுத்துக்கு பொகோடா அருகில் இருக்கும் ரோமியோ என்ற நிலையம்தான் வந்தது; ரோசோ வேண்டுமென்றால் முழுப் பெயரையும் தட்டியிருக்க வேண்டும். இரவு. விமானம் தானாக இடப்பக்கம் மலையை நோக்கித் திரும்பியது. தெரிந்து சரிசெய்வதற்குள் முடிந்துவிட்டது. 163 பேரில் நான்கு பேர்தான் பிழைத்தார்கள். அந்த இரவில் இறக்கத்தின்போதே அவசர அவசரமாக ஓடுபாதையை மாற்றிக்கொண்டார்கள், தாளைப் படித்துச் சரிபார்க்க நேரமே இருக்கவில்லை என்பதும் காரணங்களில் ஒன்று. இதைச் சொல்லும்போது மட்டும் மருமகன் சிரிக்கவில்லை.

ஐபேடில் எனக்கு இருக்கும் குறை வேறு. விரலால் பெரிதாக்கினால் எழுத்து தெரிகிறது, சுற்றுப்புறம் போய்விடுகிறது. ஓரத்தில் இருந்த எச்சரிக்கைக் குறிப்பு திரைக்கு வெளியே போனதே தெரியாது. தாளில் பார்க்காவிட்டாலும் அது கண்ணின் ஓரத்தில் இருக்கும். மருமகன் இதை ஒப்புக்கொள்கிறான். முதலில் முழுத் தாளையும் ஒரு முறை பார், பிறகு பெரிதாக்கு என்பது அவன் வைத்திருக்கும் பழக்கம். ஆனால் காகிதத்துக்குத் திரும்ப வேண்டுமென்று அவனுக்கு ஆசை இல்லை. ஓடுபாதைப் படத்தின் மேல் தன் விமானமே புள்ளியாக நகர்வதைப் பார்க்க முடிகிறது, மழையில் டாக்சிவே தேடும்போது அதன் அருமை தெரியும் என்கிறான். அங்கே உட்கார்ந்திருப்பவன் அவன்தான்.

2024 ஜூனில் ஓசூருக்கு விமான நிலையம் என்று முதல்வர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார்: 2,000 ஏக்கர், ஆண்டுக்கு மூன்று கோடிப் பயணிகள். பெங்களூர் விமான நிலையத்தின் ஒப்பந்தப்படி 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் போட்டி நிலையம் கூடாது என்ற சிக்கல் இருக்கிறது. அது அரசியல்வாதிகள் பாடு. எனக்கு அதில் வேறு வேலை தெரிகிறது. இறங்கும் தாளில் வருகிற ஒவ்வொரு எண்ணையும் யாரோ தரையில் நின்று அளக்க வேண்டும். பெரிய ஓடுபாதையின் முனையிலிருந்து 50 மீட்டருக்கு 1 மீட்டர் என்ற சரிவில் ஒரு கற்பனைத் தளம் எழும்பும், அதை எதுவும் தொடக் கூடாது. அந்தத் தளம் தொடங்கும் இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் சமதரையில் 20 மீட்டர் தென்னை நின்றால் அது தடை. வெட்ட வேண்டும், அல்லது தாளில் ஏற்ற வேண்டும். செல்போன் கோபுரம், கோயில் கோபுரம், கல்குவாரிக்காரர்கள் வெட்டாமல் விட்ட பாறை எல்லாம் இதே கணக்கில்தான் வரும்.

"தென்னை வளருமே, அதுக்கு என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"திரும்ப அளப்பாங்க மாமா."

"வருஷத்துக்கு எத்தனை தடவை?"

அதற்கு அவனுக்குப் பதில் தெரியவில்லை. ஓசூர் தாலுகா அலுவலகத்தில் எனக்குத் தெரிந்த சர்வேயர் ஒருவர் இருக்கிறார், அவரிடம் கேட்க வேண்டும்.